எறும்புக் கூட்டில் வளரும் நீலன்

ஒரு வண்ணத்துப்பூச்சியின் வாழ்வு முயலின் மேய்ச்சலைச் சார்ந்திருக்கக்கூடும் என்பது உணவுச் சங்கிலியைப் பாடமாகப் படித்தவர்களுக்கும் எளிதில் புலப்படுவதில்லை. இங்கிலாந்தின் தென்பகுதிச் சரிவுகளில் வாழ்ந்த பெரிய நீலன் என்னும் வண்ணத்துப்பூச்சி 1979ஆம் ஆண்டு அந்நாட்டிலிருந்து அற்றுப்போனபோது, அதன் உணவுச் செடியான காட்டுத் தைம் அங்கே பூத்துக்கொண்டுதான் இருந்தது.

பெண் பூச்சி அச்செடியின் மொட்டுகளில் முட்டையிடுகிறது. பொரித்து வரும் புழு ஏறத்தாழ மூன்று வாரங்கள் பூவைத் தின்றபின், ஒரு மாலைப்பொழுதில் தரையில் விழுந்து காத்துக்கிடக்கிறது. அப்போதைய எடை, முழுமையாக வளர்ந்த புழுவின் எடையில் நூற்றில் இரண்டு பங்குகூட இராது. எஞ்சிய வளர்ச்சி முழுவதும் மண்ணுக்கடியில் நிகழ்கிறது. இரை தேடி வரும் செவ்வெறும்பு தொட்டதும், புழு தன் முதுகுச் சுரப்பியிலிருந்து இனிப்பு நீரைக் கசியவிடுகிறது. தோலின் மணத்தாலும் உடலை உப்பவைத்து நிமிரும் தோற்றத்தாலும் ஏமாறும் எறும்பு, தன் கூட்டத்து இளம்புழுவே வெளியில் கிடப்பதாகக் கொண்டு, அதைக் கவ்விக் கூட்டுக்குள் எடுத்துச் செல்கிறது. காக்கைக் கூட்டில் வளரும் குயில் குஞ்சு காக்கை ஊட்டும் இரையைத் தின்று வளர்கிறது. இந்தப் புழுவோ தன்னைத் தூக்கி வந்த எறும்புகளின் இளம்புழுக்களையே தின்று, ஏறத்தாழ பத்து மாதங்கள் அக்கூட்டிலேயே கழித்து, அங்கேயே கூட்டுப்புழுவாகிறது. கோடையின் தொடக்கத்தில் அதிலிருந்து வெளிவரும் பூச்சி, சிறகு விரியாத நிலையிலேயே சுரங்க வழியாக ஊர்ந்து வெளியேறுகிறது. இதன் நெருங்கிய உறவான மற்றொரு நீலனின் புழு, ராணி எறும்பு எழுப்பும் ஒலியைப் போன்றே ஒலியெழுப்பி, வேலைக்கார எறும்புகளிடம் தனிக் கவனிப்பைப் பெறுகிறது என்பதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

1970களில் ஜெரமி தாமஸ் என்னும் சூழலியலாளர், எஞ்சியிருந்த பெரிய நீலன்களைத் தொடர்ந்து கவனித்து அவற்றின் அழிவுக்கான காரணத்தைக் கண்டறிந்தார். மிர்மிகா என்னும் பேரினத்தைச் சேர்ந்த பல வகை எறும்புகளும் புழுவைத் தூக்கிச் செல்கின்றன. ஆயினும் மிர்மிகா சபுலெட்டி என்னும் ஒரு சிற்றினத்தின் கூட்டில்தான் அது போதிய அளவில் பிழைக்கிறது. அந்த எறும்புக்கு வெயில் நேரே படும் சூடான மண் வேண்டும். புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலே நிழல் விழுந்து மண் குளிர்கிறது. அந்த எறும்பு விலக, குளிர் தாங்கும் வேறொரு மிர்மிகா அவ்விடத்தைப் பிடிக்கிறது. ஆடுமாடு மேய்த்தல் குறைந்துவந்த நிலையில், 1950களில் மிக்சோமடோசிஸ் என்னும் நச்சுயிரி நோய் முயல்களைப் பெருவாரியாகக் கொன்றதால் புல் தடையின்றி வளர்ந்தது. மனிதக் கண்ணுக்கு அச்சரிவுகள் முன்னைவிடப் பசுமையாகவே தோன்றியிருக்கும்.

இதில் வருந்தத்தக்க பகுதி ஒன்றுண்டு. பூச்சி சேகரிப்போரிடமிருந்து நீலனைக் காக்கும் நல்லெண்ணத்துடன் முன்பே சில இடங்களுக்கு வேலியிட்டிருந்தனர். அவ்வேலி கால்நடைகளையும் தடுத்துவிட்டதால் காப்பாற்ற விரும்பிய உயிரே அங்கிருந்து மறைந்தது. ஓர் உயிரினத்தைத் தனியே பிரித்து அடைத்துக் காப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் இன்றும் பல நாடுகளில் வலுவாக இருக்கிறது. மேய்ச்சல் என்றாலே அழிவு என்று கருதி மேய்ப்பரை வெளியேற்றுமுன், அந்த மண்ணில் எந்த உயிர் எதைப் பற்றி நிற்கிறது என்பதைப் பொறுமையாக ஆராய வேண்டியது காப்பவர்களின் முதற்கடமை.

1983 முதல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவரப்பட்ட நீலன்கள் இங்கிலாந்தில் மீண்டும் விடப்பட்டன. புதரை வெட்டி, கால்நடைகளை உரிய பருவத்தில் மேயவிட்டுப் புல்லைக் குட்டையாக வைத்த இடங்களில் முதலில் எறும்பு பெருகியது; அதன் பின்னரே நீலன் நிலைத்தது. சாமர்செட் மாவட்டத்தின் காலர்டு குன்று அத்தகைய இடங்களுள் ஒன்று. இவ்வாறு மீட்கப்பட்ட சரிவுகளில் வேறு அரிய வண்ணத்துப்பூச்சிகளும், வெறுந்தரையில் இரை தேடும் ஒருவகை வானம்பாடியும்கூடப் பெருகியிருக்கின்றன.