தண்ணிக்கு அடியில ஒரு பாரிஷ்

இங்கிலாந்துல இருக்கிற லேடிபவர் அணை வீடியோ ஒரு தடவையாவது உங்க ஃபீட்ல வந்திருக்கும். ஏரிக்குள்ள ராட்சதக் கிணறு மாதிரி ஒரு ஓட்டை, சுத்தியும் தண்ணி உள்ளே விழுந்துக்கிட்டே இருக்கும். அது பெல்மவுத் ஸ்பில்வே. விட்டம் சுமார் 24 மீட்டர். ஏரி நிரம்பினா உபரித் தண்ணி அது வழியா இறங்கி, அணைக்குக் கீழ ஆத்துக்குப் போயிடும். அதே மாதிரி இன்னொண்ணும் அங்க இருக்கு.

செம டிசைன்தான். ஆனா அந்த ஏரிக்கு அடியில ஒரு ஊர் கிடக்கு.

டெர்பிஷர் மலைப் பள்ளத்தாக்குல இருந்த சின்ன கிராமம், டெர்வென்ட். ஒரு சர்ச், ஒரு பெரிய மாளிகை, கொஞ்சம் வீடுகள், சுத்தி ஆட்டுப் பண்ணைகள். அந்த சர்ச்சைச் சேர்ந்த வட்டாரம்தான் பாரிஷ். ஷெஃபீல்டு, டெர்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் நகரங்களுக்குத் தண்ணி வேணும்னு 1935ல அணை வேலை ஆரம்பிச்சுது. மண் அணை, நடுவுல களிமண் கோர். 1943 மார்ச்ல சர்ச்ல கடைசி ஆராதனை நடந்துச்சு. அதே மாசம் தண்ணி ஏற ஆரம்பிச்சுது. பக்கத்து ஊரான ஆஷப்டனும் போச்சு.

நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல இதுக்கு 'நீரில் மூழ்கும் பரப்பு'ன்னு ஒரு வரிதான் வரும். அந்த ஒரு வரிக்குள்ள என்னல்லாம் இருந்துச்சுன்னு பாருங்க. கல்லறைகளைத் தோண்டி, உடல்களைப் பக்கத்துல பாம்ஃபோர்டுக்குக் கொண்டுபோய் மறுபடி புதைச்சாங்க. ஜனங்களுக்கு அணைக்குக் கீழேயே யார்க்‌ஷர் பிரிட்ஜ்ங்கிற இடத்துல வீடு கட்டிக் கொடுத்தாங்க. பழைய கல் பாலத்தைக் கல் கல்லாப் பிரிச்சு, பின்னாடி ஆத்துக்கு மேல்பக்கம் திரும்பக் கட்டினாங்க. பாலம் பாதுகாக்கப்பட்ட சின்னம், அதனால அதுக்கு அந்த மரியாதை. வீடுகளுக்கு அப்படி எந்தச் சட்டமும் கை கொடுக்கல.

சர்ச் கோபுரத்தை மட்டும் நினைவுச் சின்னமா விட்டுவெச்சாங்க. தண்ணிக்கு மேல கூர்மையா நீட்டிக்கிட்டு நின்னுச்சு. ஆளுங்க அது கிட்டப் போக ஆரம்பிச்சதும், ஆபத்துன்னு 1947 டிசம்பர்ல வெடி வெச்சுத் தகர்த்துட்டாங்க. வறட்சி வந்தா கோபுரம் தெரியும்னு இன்னிக்கும் சொல்றவங்க உண்டு, நம்பாதீங்க. 2018ல தண்ணி வத்தினப்ப தெரிஞ்சது இடிஞ்ச சுவரும் கல் குவியலும்தான். அதைப் பார்க்கவே கூட்டம் சேத்துல இறங்கிடுச்சு.

சர்ச் மணி தப்பிச்சுது. அது போய்ச் சேர்ந்த இடம் டெர்பியில சேடஸ்டன்ங்கிற பகுதியில இருக்கிற ஒரு சர்ச். இந்த அணைத் தண்ணி போற நகரங்கள்ல ஒண்ணுதான் டெர்பி.