ஓர் எண்ணும் ஒளிக்கோடுகளும்

கதிரவனின் வெள்ளொளியை முப்பட்டைக் கண்ணாடி ஏழு நிறங்களாகப் பிரிப்பதை நாம் அறிவோம். ஆனால், குழாயில் அடைத்த ஹைட்ரஜன் வாயுவில் மின்சாரம் பாய்ச்சி, அதன் ஒளியைப் பிரித்தால், இருளின் நடுவே தனித்தனிக் கோடுகளே தோன்றும். சிவப்பில் ஒன்று, நீலப்பச்சையில் ஒன்று, ஊதாவில் இரண்டு. அவை அவ்விடங்களில் மட்டும் நிற்பதேன்? அவற்றை அளந்த அறிஞர்களுக்கும் அது புதிராகவே இருந்தது.

அப்புதிரில் ஓர் ஒழுங்கைக் கண்டவர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளியொன்றில் கணிதம் கற்பித்த யோகான் பால்மர் என்னும் ஆசிரியர். 1885-ஆம் ஆண்டில், அறுபதாம் வயதில், அந்நான்கு கோடுகளையும் இணைக்கும் சூத்திரத்தை அவர் வெளியிட்டார். ஐந்தாவது கோட்டின் இடத்தையும் கணக்கிட்டார். அக்கோடு விண்மீன்களின் ஒளியில் முன்பே அளக்கப்பட்டிருந்ததைப் பின்னரே நண்பர் வாயிலாக அறிந்தார்.

சுவீடன் நாட்டு அறிஞர் ரிட்பெர்க், 1890-இல் வெளியிட்ட ஆய்வில், பிற தனிமங்களின் கோடுகளுக்கும் ஏற்ற சூத்திரத்தை அமைத்தார். அதில் பொதுவாக வரும் எண்ணே ரிட்பெர்க் மாறிலி. அதன் மதிப்பு ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 109,700.

நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். 2-இன் வர்க்கம் 4. 3-இன் வர்க்கம் 9. நான்கில் ஒரு பங்கிலிருந்து ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்தால் 5/36. அதனை 109,700-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 15,236 வரும். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் அத்தனை ஒளியலைகள் அடங்கும் என்பது பொருள். ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு அதுவே! 3-க்குப் பதிலாக 4 எனக் கொண்டால் நீலப்பச்சைக் கோடும், 5, 6 எனக் கொண்டால் ஊதாக் கோடுகளும் கிடைக்கும்.

2 இருந்த இடத்தில் 1 எனக் கொண்டால், கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கோடுகள் வரும். அவற்றை லைமன் 1906-இல் கண்டறிந்தார். 3 எனக் கொண்டால் வரும் அகச்சிவப்புக் கோடுகளைப் பாஷன் 1908-இல் கண்டறிந்தார். கணக்கு முன்னே சென்றது. கருவி பின்னே சென்றது.

இவற்றின் காரணத்தை 1913-இல் டென்மார்க்கின் நீல்ஸ் போர் விளக்கினார். அணுவிலுள்ள எலக்ட்ரான் குறிப்பிட்ட சில படிகளில் மட்டுமே நிற்கும். மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்குகையில் ஒளியை வெளிவிடும். நாம் மேலே கொண்ட 2, 3 என்பன அப்படிகளின் எண்களே.

இன்று தொலைதூர விண்மீனில் ஹைட்ரஜன் உண்டென்பதை, அங்குச் செல்லாமலே இக்கோடுகளால் அறிகிறோம். இக்கோடுகளின் ஒழுங்கை உணர்த்தியவை வர்க்கமும் பின்னமுமே. மாணவச் செல்வங்களே! நம் வகுப்புப் பலகையில் நாள்தோறும் எழுதப்படுபவையும் அவையன்றோ? அவற்றை வெறும் தேர்வுக் கணக்கென்று ஒதுக்காது, ஊன்றிக் கற்போமாக!