குறியீட்டு மாற்றமும் இரகசியப் பாதுகாப்பும்

ஹைதராபாத் நகரில் குஷாய்குடாவை அடுத்து எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷன் ஆப் இந்தியா என்னும் மத்திய அரசு ஸ்தாபனம் அமைந்துள்ளது. அணுசக்தி இலாகாவின் கீழ் 1967-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்த ஸ்தாபனத்தின் முதல் கணிப்பொறி, 1969-ஆம் ஆண்டைச் சேர்ந்த டி.டி.சி.-12 ஆகும். பெயரிலுள்ள 12 என்பது அக்கணிப்பொறி ஒரு வேளையில் கையாளும் இரும இலக்கங்களின் தொகையைக் குறிக்கும். பன்னிரண்டு இடங்களில் 0, 1 ஆகிய இரண்டையும் மாற்றி மாற்றி அமைத்தால் 4,096 வெவ்வேறு எண்கள் கிடைக்கும்.

அன்றைய கணிப்பொறியாயினும் இன்றைய கைப்பேசியாயினும் எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆகவே எழுத்துக்கு எண்ணை ஈடாக வைக்கும் ஓர் அட்டவணை இன்றியமையாததாகிறது. இவ்வாறு ஈடு செய்வதே குறியீட்டு மாற்றம் எனப்படும்.

‘அ’ என்னும் எழுத்தை உதாரணமாகக் கொள்வோம். யுனிகோட் அட்டவணையில் இதன் எண் 2949. யூ.டி.எஃப்.-8 என்னும் விதிப்படி இது 224, 174, 133 என மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு பைட்டுக்கு எட்டு இரும இலக்கங்கள் வீதம் மொத்தம் 24 இலக்கங்கள் ஆகின்றன.

பழைய மின்னஞ்சல் வழிகள் பலவும் ஏழு இலக்க ஆங்கில எழுத்துகளை மட்டுமே பிழையின்றிக் கடத்த வல்லவையாக இருந்தன. இக்குறையை நீக்கும் பொருட்டு, 1992-ஆம் ஆண்டில் வெளியான மைம் விதிகளில் பேஸ்-64 என்னும் முறை இடம் பெற்றது. இதன்படி மேற்கூறிய 24 இலக்கங்கள் ஆறாறாகப் பிரிக்கப்பட, 56, 10, 58, 5 என நான்கு எண்கள் கிடைக்கின்றன. ஆறு இலக்கங்களால் 64 எண்கள் அமையும். அவற்றுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26, சிறிய எழுத்துகள் 26, இலக்கங்கள் 10, வேறு குறிகள் 2 ஆகியவை முறையே ஒதுக்கப்பட்டுள்ளன. அவ்வாறே ‘அ’ என்பது, இலக்கம் 4, பெரிய எழுத்து கே, இலக்கம் 6, பெரிய எழுத்து எஃப் என மாறுகிறது. மூன்று பைட்டுகள் நான்கு குறிகளாவதால் அளவு மூன்றில் ஒரு பங்கு பெருகும்.

இவ்வாறு மாறிய வரிகள் பார்வைக்குப் புரியாதவையாயினும் இரகசியமானவை அல்ல. தமிழ்க் கடிதத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதினால், அவ்வெழுத்தை அறியாதவருக்கே அது மறைபொருள். அறிந்தவர் உடனே படித்துவிடுவார். பேஸ்-64 அட்டவணையோ உலகறிந்தது. மாணவர் பட்டியலையோ பயனாளிகளின் வங்கிக் கணக்கு எண்களையோ இம்முறையில் மாற்றி அனுப்பினால், இடையில் கைப்பற்றுவோர் நொடியில் படிக்க இயலும். பொருளை மறைப்பதற்கு மறையாக்கம் என்னும் வேறு முறை தேவை. அதில் இரகசியமான சாவி ஒன்று உண்டு. முறை அனைவருக்கும் தெரிந்திருப்பினும் சாவியின்றி மூலத்தைப் பெற இயலாது. தமிழில் இவ்விரண்டையும் ‘குறியாக்கம்’ என்றே வழங்குவதும் உண்டு. மயக்கம் நேர அதுவும் ஒரு காரணமாகும்.

மற்றோர் அபாயமும் கவனத்திற்குரியது. எழுத்தை மாற்றித் தரும் இணையப் பக்கங்கள் இருவகைப்படும். ஒருவகை, இடப்பட்ட வாசகத்தைத் தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்பி, விடையைப் பெற்றுத் தரும். மற்றொரு வகையில், ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட நிரல் பயனரின் உலாவியிலேயே இயங்கும். வாசகம் கணிப்பொறியை விட்டு வெளியேற வேண்டியதில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றேபோல் தோன்றும்.

இவற்றை வேறுபடுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. பக்கம் முழுவதும் திறந்தபின் இணையத் தொடர்பைத் துண்டித்து, கற்பனையான வாசகம் ஒன்றை இட்டுப் பார்க்கலாம். அப்போதும் விடை கிடைத்தால் மாற்றத்திற்குச் சர்வர் தேவைப்படவில்லை என்று அறியலாம். எனினும் வாசகத்தைச் சேமித்து வைத்து, தொடர்பு மீண்டதும் அனுப்பும் பக்கங்களும் இருக்கக்கூடும். ஆதலால் இச்சோதனையை மட்டும் நம்பி உண்மையான பெயர்களையும் எண்களையும் இடுதல் கூடாது.

சில வரிகள் கொண்ட நிரலைத் தாமே எழுதித் தம் கணிப்பொறியில் வைத்துக்கொள்வது மேலான வழி. உலாவியில் இதற்கான செயற்கூறு முன்பே அமைந்துள்ளது. ஆனால் அது 0 முதல் 255 வரை எண் கொண்ட குறிகளையே ஏற்கும். 2949 எண்ணுடைய ‘அ’ நேராக இடப்பட்டால் பிழை காட்டும். எனவே தமிழ் வாசகத்தை முதலில் யூ.டி.எஃப்.-8 பைட்டுகளாக மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

வகுப்பறையில் கணிப்பொறியின்றியும் இதனை விளக்கலாம். ‘ஆ’ எழுத்தின் எண் 2950. அதன் பைட்டுகள் 224, 174, 134. மாணவர்கள் தாளும் பென்சிலும் கொண்டு இவற்றை இரும எண்களாக எழுதி, ஆறாறாகப் பிரித்தால் 56, 10, 58, 6 என்ற விடை கிடைக்கும். பின்னர் அவ்விடையிலிருந்தே மூல எழுத்தை மீட்கச் சொல்லலாம். எவ்விதச் சாவியுமின்றி எழுத்து மீள்வதைத் தம் கையாலேயே கண்ட மாணவர், குறியீட்டு மாற்றத்தைப் பூட்டென்று எண்ணி ஏமாறமாட்டார்.