எலும்பிலிருந்து எழுந்த மான்குட்டி

டிஸ்னி ஸ்டுடியோ 1942இல் வெளியிட்ட 'பேம்பி' கார்ட்டூன் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், தாய் மான் சுட்டுக் கொல்லப்படும் கட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும். பிள்ளைகள் அழுதுவிடுவார்கள் என்று அஞ்சி அந்தப் படத்தையே தள்ளிவைக்கும் பெற்றோர் உண்டு. அழவைக்கும் படம்தான், மறுக்க முடியாது. ஆனால் கையால் வரைந்த ஒரு மானுக்காக எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தைகள் ஏன் அழுகிறார்கள் என்று கேட்டுப்பார்த்தால், அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து மறுபடி பார்ப்பதற்கான காரணமே கிடைக்கிறது. கதையின் சோகம் மட்டும் இதைச் சாதித்திருக்காது. அந்தக் குட்டிக்கு எலும்பு இருக்கிறது, மூட்டு இருக்கிறது, எடை இருக்கிறது. உயிருள்ள உடம்பு என்று கண் நம்பிய பிறகே மனம் அதற்காக இரங்குகிறது. அந்த நம்பிக்கையை ஓவியர்கள் எப்படிச் சம்பாதித்தார்கள் என்று தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு, இந்தப் படம் விலங்குகளை உற்றுக் கவனிக்கும் பயிற்சியாகவே அமையும்.

இதே ஸ்டுடியோ 1937இல் எடுத்த 'ஸ்னோ ஒயிட்' படத்திலும் மான்கள் வருகின்றன. உற்றுப் பார்த்தால், அவற்றின் உடம்பு உள்ளே எலும்பே இல்லாததுபோல் மெத்தென்று வளைகிறது. துணைப் பாத்திரங்களுக்கு அது போதும். மானே நாயகனாக வரும் படத்துக்குப் போதாது. ஆஸ்திரிய எழுத்தாளர் ஃபெலிக்ஸ் சால்ட்டன் 1923இல் எழுதிய நாவல்தான் படத்தின் மூலக்கதை. நாவலில் வருவது ஐரோப்பாவின் சிறிய ரோ மான். அமெரிக்கப் பார்வையாளர்களுக்காக அதை வட அமெரிக்காவின் வெண்வால் மானாக மாற்றினார்கள். மெயின் மாநிலத்தைச் சேர்ந்த மாரிஸ் டே என்ற ஓவியர் அந்தப் பக்கத்துக் காடுகளில் வாரக்கணக்கில் தங்கி, மான்களையும் மரங்களையும் படம் பிடித்தும் வரைந்தும் அனுப்பினார். மெயினிலிருந்து இரண்டு மான்குட்டிகளே ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்தன. ஓவியர்கள் அவற்றைச் சுற்றி உட்கார்ந்து, அவை வளர வளர வரைந்தார்கள். இத்தாலியில் பிறந்த ரீக்கோ லெப்ரன் உடற்கூறு வகுப்பு எடுத்தார். இறந்த மான்குட்டி ஒன்றின் உடலைத் தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டி, எந்த எலும்பு எந்தத் திசையில் எவ்வளவு திரும்பும் என்பதை அவர்கள் மனத்தில் பதியவைத்தார்.

அந்த வகுப்பின் பலன் திரையில் அப்படியே தெரிகிறது. மானுக்குக் காறை எலும்பு கிடையாது. தோள்பட்டை எலும்பை உடலோடு பிடித்துவைத்திருப்பவை தசைகள் மட்டுமே. அதனால்தான் மான் தலையைத் தாழ்த்தி மேயும்போது தோள்பட்டைகள் முதுகுக்கு மேலே புடைத்து எழுகின்றன. பின்னங்காலில் முழங்கால் பின்பக்கமாக மடிவதுபோல் நமக்குத் தோன்றும் இடம் உண்மையில் குதிகால்; அசல் முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது. மான் எப்போதும் ஒவ்வொரு காலிலும் இரண்டு விரல்களின் நுனியில் நிற்கிறது, அந்த நுனிகளை மூடிய நகங்கள்தான் குளம்பு. உறைந்த குளத்தின் மேல் பேம்பி வழுக்கி விழும் புகழ்பெற்ற காட்சியில் இந்த உண்மைகள் எல்லாம் நகைச்சுவையாக மாறிவிடுகின்றன. ஃபிராங்க் தாமஸ் உயிரூட்டிய காட்சி அது. கடினமான குளம்புக்குப் பனிக்கட்டியில் பிடிமானம் கிடைக்காது. நிஜ மான்களும் உறைந்த ஏரிகளில் கால்கள் நாலாபுறமும் விரிந்து எழ முடியாமல் மாட்டிக்கொள்வதுண்டு. முயல் தம்பர் அந்த நீண்ட கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி நிறுத்தும்போது, மூட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கால் மடிகிறது. ஒரே ஒரு இடத்தில் மூட்டு பிசகியிருந்தாலும் அந்தச் சிரிப்பு வந்திருக்காது.

முகத்துக்கு வந்தபோது ஓவியர்கள் வேண்டுமென்றே விலகினார்கள். மானின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பவை, வாயைச் சுற்றிலும் பாவம் காட்டும் அசைவு குறைவு. மார்க் டேவிஸ் மனிதக் குழந்தைகளின் முகபாவங்களைப் படித்து, அவற்றை மானின் மண்டையோட்டு அமைப்பு கெடாமல் குட்டியின் முகத்தில் இறக்கினார். உடம்பு மானுடையது, பார்வை குழந்தையுடையது. கொம்பு வேறொரு தலைவலி. பல கிளைகளாகப் பிரியும் கொம்பைத் தலை திரும்பும் ஒவ்வொரு கோணத்திலும் பிசகாமல் கையால் வரைவது ஏறக்குறைய ஆகாத காரியம். எனவே பிளாஸ்டர் கொம்பு மாதிரியைப் பல கோணங்களில் படம்பிடித்து, அந்தப் படங்களின் மேல் தாளை வைத்து நகலெடுத்தார்கள். நொடிக்கு 24 ஃப்ரேம் என்ற கணக்கில், 70 நிமிடப் படம் 1 லட்சம் ஃப்ரேம்களைத் தாண்டுகிறது என்பதை நினைத்தால் அந்த உழைப்பின் அளவு புரியும்.

காட்டை உருவாக்கியதில் டைரஸ் வாங்கின் பெயரை அழுத்திச் சொல்ல வேண்டும். 1910இல் சீனாவில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்தவர். இரண்டு முக்கிய அசைவுகளுக்கு நடுவே வரும் படங்களை வரையும் கடைநிலை வேலையில்தான் ஸ்டுடியோவில் சேர்ந்தார். ஒவ்வோர் இலையையும் வரைந்த தொடக்ககாலப் பின்னணிகளில் மான் தொலைந்துபோவதை அவர் கண்டார். சோங் வம்சக் கால நிலக்காட்சி ஓவியங்களின் வழியில், மூடுபனியும் ஒளியும் சில தூரிகைத் தீற்றல்களுமாகச் சிறு ஓவியங்கள் தீட்டிக் காட்டினார். படம் முழுவதற்கும் அந்தப் பாணியே அடிப்படையாயிற்று. ஆனால் பெயர்ப் பட்டியலில் அவர் பின்னணி ஓவியர்களில் ஒருவர், அவ்வளவே. ஸ்டுடியோ ஊழியர்களின் 1941 வேலைநிறுத்தத்தை ஒட்டி, படம் வெளிவருவதற்கு முன்பே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். டிஸ்னி நிறுவனம் அவரைக் கௌரவித்தது 2001இல். 106 வயது வாழ்ந்து 2016இல் மறைந்தார்.

அந்தக் காட்டுக்குள் நம்மை அழைத்துப்போகும் இயந்திரம் மல்டிபிளேன் கேமரா. சாதாரணக் கார்ட்டூனில் பின்னணி ஒரே ஓவியம். கேமரா அதை நெருங்கினால் பக்கத்து மரமும் தூரத்து நிலவும் ஒரே விகிதத்தில் பெரிதாகும், படம் தட்டை என்பது வெளிப்பட்டுவிடும். ரயில் ஜன்னலில் பார்க்கும்போது தண்டவாளத்தோர மரங்கள் பறக்க, தொலைமலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த வேக வேறுபாட்டைக்கொண்டே மூளை தூரத்தை உணர்கிறது. வில்லியம் கேரிட்டியின் குழு அமைத்த இந்தக் கேமரா மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும். அதன் கீழே, இடைவெளி விட்டு, கண்ணாடியில் தீட்டிய ஏழு ஓவிய அடுக்குகள் வரை வைக்கலாம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிட்டத்து அடுக்கை அதிகமாகவும் எட்டத்து அடுக்கைக் குறைவாகவும் கணக்கிட்டு நகர்த்துவார்கள். 1937இல் 'தி ஓல்டு மில்' குறும்படத்தில் பயன்படுத்திப் பார்த்த முறை அது. 'பேம்பி'யின் தொடக்கத்தில் மரங்களுக்கிடையே கேமரா மெல்ல நுழைந்து போகும் நீண்ட காட்சி அதன் உச்சம்.

இப்போது அந்தத் தாயின் கட்டத்துக்கு வருவோம். குழந்தைகளுக்கு இது கொடூரம் என்பது முதல் ஆட்சேபம். திரையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரத்தம் இல்லை, விழுந்த உடல் இல்லை, துப்பாக்கி பிடித்த மனிதன் இல்லை; படம் முழுக்கவே மனிதன் கண்ணில் படுவதில்லை. பனிக்கு நடுவே முளைத்த முதல் புல், தாயின் தலை சட்டென்று நிமிர்வது, ஓட்டம், ஒரு வெடிச்சத்தம். பிறகு கொட்டும் பனியில் தாயைத் தேடும் சின்ன உடல். இன்றைய குழந்தைப் படங்கள் பலவற்றில் இதைவிட அதிகமான சாவுகள் நடக்கின்றன. பிள்ளைகள் பாப்கார்ன் தின்றுகொண்டே பார்க்கிறார்கள். அங்கே அடிபடும் உருவங்களுக்கு எடை இல்லை. ஒரு சாவு சாவாகவே உறைக்கிறது என்றால், அதை ஒரு கலைப்படைப்பின் பிழையாக எண்ண என்னால் முடியவில்லை. இழப்பு என்ற ஒன்று உண்டு என்பதைப் பெற்றோரின் பக்கத்தில் உட்கார்ந்து முதன்முதலாக அறிவது குழந்தைக்கு நல்லதே.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிட வலுவானது: இந்தப் படம் காட்டும் இயற்கை உண்மையானதல்ல என்பது. ஆந்தைக்கு முயல் இரை, நண்பன் அல்ல. வெண்வால் மான்களில் தந்தை மான் குட்டியை வளர்ப்பதில்லை. இணைசேரும் பருவமும் கொம்பு மோதும் சண்டையும் இலையுதிர்காலத்துக்கு உரியவை. படம் அவற்றை வசந்தத்துக்கு மாற்றிவிட்டது. 'அவுட்டோர் லைஃப்' பத்திரிகையின் ஆசிரியர் ரேமண்ட் பிரவுன், இது அமெரிக்க வேட்டைக்காரர்களை இழிவுபடுத்துகிறது என்று அப்போதே கண்டித்தார். கிழக்கு அமெரிக்காவின் பல பகுதிகளில் இன்று வெண்வால் மான்கள் பெருகி, இளமரக் கன்றுகளைத் தின்று காட்டையே மெலியவைக்கின்றன என்பதும் மெய். இவ்வளவையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மானின் சமூக வாழ்க்கையைப் பற்றி இந்தப் படத்திடம் பாடம் கேட்கக் கூடாது. அதன் உடலைப் பற்றிக் கேட்கலாம். நம்மூர்ப் புள்ளிமானுக்கு ஆயுள் முழுக்கப் புள்ளி உண்டு; வெண்வால் மானுக்குக் குட்டிப் பருவத்தில் மட்டும்தான். பேம்பியின் புள்ளிகள் மறைவதைப் படம் சரியாகவே காட்டுகிறது. இறுதியில் பேம்பியின் துணை ஃபாலீன் ஈனும் இரட்டைக் குட்டிகளும் அந்த இனத்தில் சாதாரணம்.

கணினி ஒவ்வொரு மயிரையும் தனித்தனியாக வரையும் காலத்தில் இந்தப் பழைய கைவேலை எதற்கு என்றும் கேட்கலாம். 2019இல் வந்த 'தி லயன் கிங்' படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிங்கங்கள் அசல் சிங்கங்கள்போலவே இருக்கின்றன, ஆனால் தந்தையை இழந்த குட்டியின் முகத்தில் துக்கம் ஏறவில்லை. எதை அப்படியே வைப்பது, எதை மாற்றுவது என்ற தேர்வு அங்கே நடக்கவில்லை. 'பேம்பி'யின் ஓவியர்கள் எலும்பைக் காப்பாற்றிக்கொண்டு கண்ணை மாற்றினார்கள்.

பிள்ளைக்கு ஆறேழு வயதானதும், பகல் நேரத்தில், பக்கத்தில் இருந்து இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். தாயின் கட்டத்தைத் தாண்டி ஓட்டாதீர்கள். கேள்வி கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள். முடிந்த பிறகு பனிக்குளக் காட்சியை மறுபடி போட்டு, மானின் குதிகால் எங்கே என்று பிள்ளையைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.