மின்சாரம் போனதும் வழி மறந்த சர்வர்

மாணவர்களே, பிரிக்பீல்ட்ஸில் இடி இடித்தால் கிள்ளானில் சம்பளம் நின்றுவிடும் என்றால் நம்புவீர்களா? டிப்ளோமா படிப்பின் தொழிற்பயிற்சிக் காலத்தில் அப்படி ஒன்று கிட்டத்தட்ட நடந்தது. காரணம் நான்தான்.

நான் பயிற்சி பெற்ற நிறுவனத்தின் தலைமை அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், கிளை கிள்ளானில். இரு இடத்துக் கணக்குகளும் பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஒரு லினக்ஸ் சர்வரில்தான். அங்கே இணையத்துக்கு ஒரு ரவுட்டர், கிள்ளானுக்கு வேறொரு ரவுட்டர். வழி தெரியாத எந்தத் தகவலையும் சர்வர் இணைய ரவுட்டரிடம்தான் கொடுக்கும். அதற்கு 'டிஃபால்ட் கேட்வே' என்று பெயர். கேஎல் சென்ட்ரலில் எந்த ஊருக்குப் போகிறவரையும் ஒரே நடைமேடைக்கு அனுப்புவது போல! கிள்ளானுக்கு மட்டும் தனி வழி சொல்லிக் கொடுக்க வேண்டும். அதுதான் 'ஸ்டாட்டிக் ரூட்'.

கிள்ளான் வலையமைப்பின் முகவரி 192.168.20.0/24. அதற்கான ரவுட்டர் 192.168.10.254. 'ஐபி ரூட் ஆட்' என்ற கட்டளையில் இரண்டையும் சேர்த்துத் தட்டினேன். மறுநொடியே கிள்ளான் பதில் கொடுத்தது. பெருமையாக ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து, மாலை இடிமழையில் மின்தடை. சர்வர் அணைந்து, மின்சாரம் வந்ததும் தானாக எழுந்துகொண்டது. மறுநாள் மாதக் கடைசி. நான் கிள்ளான் கிளையில் இருந்தேன். சம்பளப் பட்டியல் பிற்பகலுக்குள் வங்கிக்குப் போக வேண்டும். யாருக்கும் சர்வர் திறக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் இருந்தவர்களோ, "இங்கே எல்லாம் ஓகே, இணையமும் வருதே" என்றார்கள். அங்கிருந்தபடி சர்வருக்குள் நுழைய எனக்கும் வழியில்லை. கொமுட்டர் ஏறி, ஒவ்வொரு நிலையமாக எண்ணிக்கொண்டே போனேன்.

மேற்பார்வையாளர் அண்ணன் 'ஐபி ரூட்' என்று மட்டும் தட்டினார். இரண்டே வரிகள் வந்தன. கிள்ளான் வரியைக் காணோம்.

"தம்பி, அந்த ரூட்ட எங்கே எழுதி வெச்சே?"

"டெர்மினல்லதான் அண்ணே."

"அதான் கேக்குறேன். எங்கே எழுதி வெச்சே?"

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கட்டளை வழியை எழுதுவது கெர்னலின் அட்டவணையில். அது இருப்பது ரேம் நினைவகத்தில். மின்சாரம் போனால் அதுவும் போகும். வழி மறந்த சர்வர் கிள்ளானுக்குரிய பதில்களையும் இணைய ரவுட்டரிடமே கொடுத்திருக்கிறது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் தனியார் வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டவை; பொது இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. எல்லாம் பாதியிலேயே தொலைந்தன.

நிரந்தரமாக வேண்டுமென்றால் கோப்பில் எழுத வேண்டும். எங்கள் சர்வர் உபுண்டு. 2017இல் வந்த 17.10 பதிப்பிலிருந்து அதில் 'நெட்பிளான்' இருக்கிறது. 'ஈடிசி' அடைவுக்குள் 'நெட்பிளான்' அடைவில் உள்ள யாமல் கோப்பில், உரிய நெட்வொர்க் அட்டையின் கீழ் 'ரூட்ஸ்' என்று தொடங்கி, 'டு' என்பதில் கிள்ளான் முகவரியையும் 'வியா' என்பதில் ரவுட்டர் முகவரியையும் எழுதினோம். இங்கே இடைவெளிக்கு ஸ்பேஸ் பொத்தான்தான். டேப் பொத்தானைத் தொட்டால் கோப்பு ஏற்காது. இதற்கே எனக்குக் கால் மணி நேரம் போனது. ரெட் ஹேட் வகை சர்வர் என்றால் 'என்எம்சிஎல்ஐ' கட்டளையே கோப்பிலும் எழுதிவிடும்.

கணினி எழும்போது ஓடும் 'ஆர்சி லோக்கல்' கோப்பில் பழைய கட்டளையைப் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. அது ஒருமுறைதான் ஓடும். இடையில் நெட்வொர்க் அட்டையை நிறுத்தி மீண்டும் இயக்கினால் வழி மறுபடி காணாமல் போகும்.

கோப்பை எழுதியதும் 'நெட்பிளான் டிரை' கொடுத்தோம். 120 வினாடிக்குள் நாம் உறுதிசெய்யாவிட்டால் அது பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். தூரத்திலிருந்து வேலை செய்பவர்களுக்கு இது உயிர்காப்பான். மடிக்கணினியில் வெர்ச்சுவல்பாக்ஸ் போட்டு நீங்களும் இலவசமாகப் பழகலாம்.

கிள்ளான் பதில் கொடுத்தது. நான் பையை எடுத்தேன். அண்ணன் விடவில்லை. "ரீபூட் பண்ணு" என்றார். சம்பள நாளில், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரையா? கை நடுங்க அழுத்தினேன். அது எழுந்து வந்ததும் மீண்டும் 'ஐபி ரூட்' தட்டினேன். மூன்று வரிகள். கிள்ளானுக்குப் போன் போட்டார் அண்ணன். பட்டியல் மூன்று மணிக்கு வங்கிக்குப் போனது.