டிரெய்னிங் பிசினஸ் தொடங்கப்போறீங்களா? அந்த 'கோடி டாலர்' கணக்கை நம்பி வேலையை விட்டுடாதீங்க!

ஆபீஸ்ல பிரசன்டேஷன் கொடுத்தா கைத்தட்டல் வாங்குற ஆளா நீங்க? அப்படின்னா, "பேசாம நீயே ஒரு டிரெய்னிங் கம்பெனி ஆரம்பிச்சுடேன்"னு நண்பர்கள் உசுப்பேத்தியிருப்பாங்க. நீங்களும் ராத்திரி 12 மணிக்கு போனை எடுத்துத் தேடியிருப்பீங்க. கார்ப்பரேட் பயிற்சிச் சந்தை இத்தனை ஆயிரம் கோடி டாலர்னு கலர் கலரா கிராஃப் வரும். 'இதுல துளியூண்டு கிடைச்சாலே போதுமே!' என்று மனசு கணக்குப் போடும்.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ராஜினாமா மெயில் தட்டுறதுக்கு முன்னாடி, அந்த எண்ணை எப்படிப் படிக்கணும்னு பார்த்துடலாம்.

மொத்தம் குறைஞ்சுது... ஆனா?

அமெரிக்காவின் 'டிரெய்னிங்' பத்திரிகை, 100 பேருக்கு மேல் வேலை பார்க்கும் அந்நாட்டு நிறுவனங்களின் பயிற்சிச் செலவை ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது. 2023-ல் 10,180 கோடி டாலராக இருந்த செலவு, 2024-ல் 9,800 கோடியாகக் குறைந்தது. தலைப்பை மட்டும் படிச்சா, 'ஐயோ, மார்க்கெட் படுத்துடுச்சு'ன்னு தோணும்.

உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பயிற்சிக் குழுவுக்குக் கொடுத்த சம்பளம் 7% குறைந்திருக்கிறது. ஆனால், வெளியிலிருந்து வாங்கிய பயிற்சிகளுக்கும் பொருள்களுக்குமான செலவு சுமார் 1,010 கோடியிலிருந்து 1,240 கோடி டாலராக, அதாவது 23% ஏறியிருக்கிறது. உள்ளே ஆளைக் குறைத்துவிட்டு, வேலையை வெளியே கொடுத்திருக்கிறார்கள்.

இதையே 100 ரூபாய் கணக்கில் பாருங்க. சுமார் 62 ரூபாய் சம்பளத்துக்கு. 25 ரூபாய் பயணம், ஹால், கருவிகள் போன்றவற்றுக்கு. வெளியாட்களுக்கு வருவது 13 ரூபாய்தான். அதிலும் சாஃப்ட்வேர், ரெடிமேட் கோர்ஸ் எல்லாம் போக மிச்சம்தான் உங்களை மாதிரி பயிற்சியாளருக்கு.

இது அமெரிக்கக் கணக்கு, நம்ம ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனா, கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: 'மொத்தம் எவ்வளவு' இல்ல, 'வெளியே போறது எவ்வளவு, அது ஏறுதா இறங்குதா?'

நம்ம ஊர் டேட்டா எங்கே இருக்கு?

இலவசமாகவே இருக்கிறது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டிலிருந்து 'பிஆர்எஸ்ஆர்' என்ற அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. எத்தனை பேருக்குத் திறன் மேம்பாட்டுப் பயிற்சி, எத்தனை பேருக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தார்கள் என்பது அதில் வரும். முந்தைய ஆண்டுக் கணக்கும் பக்கத்திலேயே இருக்கும்.

உங்க ஊரில் ஆலையோ அலுவலகமோ வெச்சிருக்கிற 10 நிறுவனங்களின் அறிக்கையை டவுன்லோடு பண்ணுங்க. எங்கே எண்ணிக்கை ஏறுது, எங்கே தொழிலாளர்களுக்குப் பயிற்சி குறைவா இருக்குன்னு குறிச்சு வைங்க. ரூபாய்க் கணக்கு இருக்காது. ஆனா, முதலில் யார் கதவைத் தட்டணும்னு தெரிஞ்சுடும்.

வெட்டுற செலவு, வெட்ட முடியாத செலவு

வருமானம் குறைந்தால் நிறுவனங்கள் சீக்கிரம் கைவைக்கும் செலவுகளில் பயிற்சியும் ஒன்று. ரிசார்ட்டில் நடக்கும் 'டீம் பில்டிங்' முதலில் போகும். சட்டம் கேட்கும் பயிற்சி அவ்வளவு சுலபமாகப் போகாது. உதாரணத்துக்கு, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம். 10 பேர் வேலை செய்யும் இடத்திலேயே உள் புகார்க் குழு வேண்டும். அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சியும் நடத்த வேண்டும் என்கிறது அது. தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சியும் இதே ரகம்தான்.

அதுக்காக எல்லாரும் இதையே எடுக்க முடியாது. சட்ட அறிவு வேணும். ஆனா, உங்க திட்டத்தில் 'கஷ்ட காலத்திலும் விற்கும்' பயிற்சி ஒண்ணாவது இருக்கான்னு பாருங்க.

எப்போ போய்க் கேட்கணும்?

இந்திய நிறுவனங்களில் பெரும்பாலும் ஏப்ரல்-மார்ச் கணக்கு. அடுத்த ஆண்டு பட்ஜெட் பேச்சு ஜனவரி-மார்ச்சில் சூடுபிடிக்கும். மே மாசம் போய் நின்னா, 'அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்' என்ற பதில்தான். வெளிநாட்டு நிறுவனங்களின் சென்னை, கோவை மையங்கள் பலவற்றில் ஜனவரி-டிசம்பர் கணக்கு. அங்கே தீபாவளிக்கு முன்னாடியே பேச ஆரம்பிக்கணும்.

இப்போ உங்க கணக்கு

ஒருநாள் கட்டணம் 25,000 ரூபாய், மாசம் 4 நாள்னு வெச்சுக்கோங்க. பேப்பரில் 1 லட்சம். 10% டிடிஎஸ் பிடித்தால் கைக்கு 90,000. (வருமான வரி தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.) அந்தப் பணமும் பயிற்சி முடிஞ்ச அன்னைக்கே வராது. உத்யம் தளத்தில் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தால், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்பது சட்டம். பதிவு இலவசம்தான். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் கட்டாயம்.

ஆக, முதல் ஆர்டர் கிடைச்சாலும் வாடகை கட்ட உங்க சேமிப்புதான் கைகொடுக்கும். குறைஞ்சது ஆறு மாசச் செலவு கையில் இல்லைன்னா, வேலையை விடாதீங்க. உங்க நிறுவன விதி அனுமதிச்சா, சனிக்கிழமைகளில் ரெண்டு சிறு நிறுவனங்களுக்குக் கட்டணம் வாங்கிப் பயிற்சி கொடுத்துப் பாருங்க. அவங்க ரெண்டாவது தடவை கூப்பிடுறாங்களா?

கூப்பிட்டா, அந்த ராஜினாமா மெயிலைப் பத்தி யோசிக்க ஆரம்பிக்கலாம்!