கேட் திறந்தாச்சு, டிக்கெட் எங்கே?

பல்லாவரம் ஸ்டேஷன் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பழக்கமான ஒருவர் கேட்டார்: "377-தான் போயிடுச்சே சார், இன்னும் எதுக்கு இந்தப் பிள்ளைங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு காதலிக்குதுங்க?" நியாயமான கேள்வி. நம்மில் பலருக்கும் குழப்பம் இங்கேதான். டீ ஆறுவதற்குள் சேர்ந்தே பார்த்துவிடலாம்.

377 என்பது 1860-இல் வெள்ளைக்காரர் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் ஒரு பிரிவு. 'இயற்கைக்கு மாறான' உடலுறவுக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்றது. டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் அதைத் தளர்த்தியது. உச்ச நீதிமன்றம் 2013-இல் மறுபடி இறுக்கியது. கடைசியில் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, வயது வந்த இருவர், ஒரே பாலினத்தவராக இருந்தாலும், மனம் ஒத்து இருந்தால் அது குற்றமே இல்லை என்றார்கள்.

'குற்றமில்லை' என்றால் 'எல்லா உரிமையும் உண்டு' என்று நாம் படித்துக்கொள்கிறோம். அங்கேதான் தடுக்கி விழுகிறோம். குரோம்பேட்டை ராதா நகர் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கேட்டைத் தூக்கிவிட்டால் நீங்கள் தண்டவாளத்தைக் கடக்கலாம், யாரும் பிடிக்க மாட்டார்கள். அதற்காகக் கவுன்ட்டரில் சீசன் டிக்கெட் கொடுத்துவிடுவார்களா? 2018 தீர்ப்பு கேட்டைத் தூக்கியது. திருமணப் பதிவு, கணவன் மனைவிக்குள்ள வாரிசுரிமை, சேர்ந்து தத்தெடுப்பது எல்லாம் டிக்கெட். அதைத் தாருங்கள் என்று கேட்டுப் போன வழக்கில், 2023 அக்டோபர் 17 அன்று, திருமணம் அடிப்படை உரிமை அல்ல, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவுன்ட்டர் இன்னும் மூடித்தான் கிடக்கிறது.

இன்னொன்று, கேட்டில் நிற்பது போலீஸ் மட்டும் இல்லை. ஓட்டக்காரி டூட்டி சந்த்தை எடுத்துக்கொள்வோம். ஒடிசாவின் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண். 2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வாங்கினார். அடுத்த பத்து நாளுக்குள் தீர்ப்பு வந்தது. ஆனாலும் தன் ஊர்ப் பெண் ஒருத்தியைக் காதலிப்பதாக அவர் வெளியில் சொன்னது 2019 மே மாதம்தான். அதுவும் வீட்டுக்குள்ளிருந்தே மிரட்டல் வந்ததால் என்று அவரே சொன்னார். கவனியுங்கள், மிரட்டலுக்கு 377 தேவைப்படவே இல்லை. 'ஊருக்குச் சொல்லிவிடுவேன்' என்ற ஒரு வாக்கியம் போதும். பெயர் பெரிதாக ஆக, அந்த வாக்கியத்தின் விலையும் ஏறும். சொல்லித் தீர்த்த பிறகு மிரட்ட என்ன மிச்சம்? இரண்டு மாதத்தில் நேப்பிள்ஸ் உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் 100 மீட்டரில் தங்கம், 11.32 விநாடி. காதலியின் பெயரை மட்டும் அன்று அவர் சொல்லவில்லை. அந்தப் பெண் ஓட்டக்காரி இல்லையே, அவருக்கு ஊர்தான் எல்லாம்.

நம்ம ஊர்க் கதை இன்னும் சுவாரசியம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. இதைப் பற்றித் தனக்கே சரியான புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, 2021 ஜூன் 7-ஆம் தேதி உத்தரவு போட்டார். நீதிபதி மாணவராவது நாம் அடிக்கடி பார்க்கிற காட்சியா? அதன் தொடர்ச்சியாக, தன்பாலின ஈர்ப்பாளர்கள் போன்றவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழகக் காவலர் நடத்தை விதியிலேயே சேர்த்தார்கள். 2025 மே மாதம் அதே சென்னை உயர் நீதிமன்றம், வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை அவர் விரும்பிய தோழியுடன் அனுப்பி வைத்தது. இதற்குப் போடும் மனுவை 'ஆட்கொணர்வு மனு' என்பார்கள், அதாவது 'ஆளை என் முன்னால் கொண்டு வா' என்று ஆணையிடும்படி நீதிமன்றத்தைக் கேட்பது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. டிக்கெட் இல்லைதான். ஆனால் பிளாட்பாரத்தில் நிற்கும் உரிமை உறுதியாகிவிட்டது.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: உங்கள் மாடி போர்ஷனுக்கு இரண்டு பெண்களோ இரண்டு பையன்களோ வந்தால் ஆதாரையும் அட்வான்ஸையும் கேளுங்கள். மற்றதை அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், கீழ்வீட்டு மாமியிடம் போய்ச் சொல்லாதீர்கள்.